அத்தியப்பனின் இடது கன்னம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்தபோது எங்கள் தெரு ஆண்களின் தாடியும் மீசையும் முகத்தை விட்டு இறங்கி அவரவர் ஷேவிங் பிரஷ்ஷில் முளைத்திருந்தன. இதை இன்றைக்கு அந்தத் தெருவில் யாரிடம் கேட்டாலும், "ஆமாங்க, அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. பதினாறு மாதம் அந்த முடியை வழித்துப் போட்டவள் நான், இப்போதும் சோற்றில் கை வைக்கும்போது அந்த நினைப்பு வந்தால் அன்றைக்குச் சோறு போச்சு.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்கள். வண்டியோடு வடக்கே போவார்கள், எட்டு மாதம் பத்து மாதம் கழித்து வருவார்கள், வந்த மறுநாள் காலையில் வாசலில் நாற்காலி போட்டு, ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி, தெருவே பார்க்கும்படி ஷேவிங் செய்வார்கள், நுரையை எடுத்து எடுத்து உதறுவார்கள், எவ்வளவு இடம் இருந்தாலும் கோலத்தின் மேல்தான் உதறுவார்கள். என் வீட்டுக்காரர் அத்தியப்பனும் அப்படித்தான். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர் கன்னத்து முடியைச் சாக்கடை ஓட்டையிலிருந்து குச்சியால் நோண்டி எடுத்தவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் போய் நாளாகிவிட்டது.

முதலில் எல்லாரிடமும் இருந்தது பழைய முடி பிரஷ். அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் சலூன் கதிர்வேல், யாரும் கேட்காமலே, "இது பன்னி முடிங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை விரதம் இருந்தவர்கள் நாலைந்து பேர் சலூன் வாசலிலேயே வாந்தி எடுத்தார்கள், மீதிப்பேர் வீட்டுக்கு ஓடி வந்து இருபது வருஷமாக உதட்டிலும் மூக்கிலும் தேய்த்த பிரஷ்ஷைச் சாக்கடையில் வீசினார்கள், வாயை மஞ்சள் தண்ணீரில் கொப்பளித்தார்கள். செவ்வாய்ச் சந்தையில் தார்ப்பாய் விரித்து நைலான் பிரஷ் விற்ற ஒருவனிடம் தெருவே போய் நின்றது. இதில் எந்த உயிரின் முடியும் கிடையாது, சுத்தம், என்று அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

அவனிடம் மூன்று தினுசு இருந்தது. வெள்ளை மெத்தென்று இருக்கும், கொஞ்சம் க்ரீமுக்கே கிண்ணம் நிறைய நுரை கட்டும், ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்காது, முழங்கை வரை ஒழுகும். கறுப்பு குத்தும், ஆனால் முரட்டுத் தாடியைத் தூக்கி நிறுத்தும். பழுப்பும் கறுப்புமாக வரி போட்டது இரண்டுக்கும் நடுவில், உதறி வைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும், தினமும் ஷேவிங் செய்கிறவனுக்கு அதுதான் தோது என்பது கதிர்வேல் கட்சி. மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆண்கள் பதினைந்து நாள் டீக்கடையில் ஒப்பிட்டார்கள், ஒருவன் தன் முகத்தில் தேய்த்ததை அடுத்தவன் வாங்கி, கழுவாமல், தன் முகத்தில் தேய்த்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். பன்னி முடிக்கு வாந்தி எடுத்தவர்கள்தான் இவர்கள் எல்லாரும். கடைசியில் ஆளுக்கொன்று முடிவாகி, அத்தியப்பன் வரி போட்டதை எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் ரிக் வண்டி, கம்ப்ரஸர், ஸ்பேனர், ஜாக்கி, கட்டிங் பிளேயர், பஞ்சர் ஒட்டுகிற டப்பா, கிரைண்டர், தையல் மிஷின், அரிவாள்மணை, பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் வரை எதற்கும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டார்கள், விட்டுப்போன சாமான் வருஷம் முழுக்கக் கோபித்துக்கொள்ளும் என்று பயம். புது பிரஷ் ஆயிற்றே என்று யாரோ ஒருவர் அதையும் கொண்டுவந்து வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து எல்லாரும் வைத்தார்கள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வாழை இலை மேல் நாற்பத்தாறு ஷேவிங் பிரஷ் வரிசையாக நின்றது, ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு, பக்கத்தில் பொரிகடலை. அவற்றுக்குத் தீபாராதனை காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அந்தக் கன்னம்தான் மறுநாள் வெறுமையாகிவிட்டது.

முகம் வழுவழுவென்று முட்டை ஓடாட்டம் ஆகிவிட்டது, ஒரு ரோமம் இல்லை. நைலான் குச்சமோ அப்படியே இருக்க, அதன் அடியில், கைப்பிடியின் கழுத்தைச் சுற்றி, பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு முடி. கைப்பிடியை நேராகப் பிடித்தால் முன்பக்கம் மீசை, இரண்டு பக்கமும் இரண்டு கன்னம், பின்னால் தாடை. யாருடையது எது என்று சொல்லவே வேண்டாம். நரைத்தவன் பிரஷ் நரைத்திருந்தது, சுருட்டை முடிக்காரன் பிரஷ் சுருண்டிருந்தது, சிறுவயதில் சுடுகஞ்சி பட்டு அத்தியப்பனுக்கு வலது கன்னத்தில் எட்டணா அளவுக்கு முடி முளைக்காத வட்டம் ஒன்று உண்டு, அந்த வட்டம் பிரஷ்ஷிலும் அதே இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன். அவர், "நம்முளுதுதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு வாரம் பேசினார்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு என்ன இருந்தது? முடி எங்கே முளைத்தாலும் வழித்தாக வேண்டும். வழிக்காமல் விட்டால் பிரஷ் முடி முழ நீளம் ஆகி அலமாரியிலிருந்து தொங்கும், அதோடு முகத்தில் அந்த ஆளுக்கு அரிப்பெடுக்கும். அவசரத்தில் வழித்தால் பிளேடு படுவது பிரஷ்ஷில், ரத்தம் வருவது முகத்தில். எதிர்ச்சாரியில் அப்பாவு என்பவர் வீட்டில் பிரஷ் அடுப்போரம் விழுந்தது, டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருக்கு மோவாய் கொப்பளித்துவிட்டது. ஆக, எறியவும் முடியாது, எரிக்கவும் முடியாது. பிரஷ்ஷுக்கு நுரை போட இன்னொரு பிரஷ் வேண்டும் என்று தெரிந்ததும் சந்தைக்காரனுக்கு மறுபடி யோகம் அடித்தது, இந்த இரண்டாவது பிரஷ்ஷில் எதுவும் முளைக்கவில்லை. முதல் பிரஷ்ஷுக்கு நுரை போட எந்த பிரஷ் தோது என்று டீக்கடையில் மறுபடி ஒப்பிட ஆரம்பித்தார்கள். கதிர்வேல் சலூனில் பலகை அடித்து பிரஷ்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றினார்.

பிறகு வழக்கங்கள் வந்தன, அவை வருவதற்கு எங்கள் ஊரில் நேரமே ஆகாது. சபரிமலைக்குப் போகிறவன் பிரஷ்ஷுக்கு மாலை போட்டான். இழவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் பிரஷ்ஷை வழிக்காமல் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் தரகர், "மாப்பிள்ளை பிரஷ்ஷைப் பார்த்துக்குங்க" என்று தட்டில் வைத்து நீட்ட, பெண்ணின் மாமன் அதன் மீசையை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். வண்டியோடு வடக்கே போகிறவர்கள் பிரஷ்ஷை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள், அங்கே தூசியில் தொலைந்துபோகும் என்று. அதனால் கோயில் கூட்டத்தில் என் மாமனார் எழுந்து, "பிரஷ் எங்க இருக்குதோ ஆம்பள அங்கதான் இருக்கறான்" என்று சொன்னது தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஊரில் இல்லாதவனுக்கும் கல்யாணப் பந்தியில் இலை விழுந்தது, இலைக்குப் பின்னால் டம்ளரில் பிரஷ் நின்றது, காற்றடித்தால் அதன் முடி எல்லார் பாயசத்திலும் விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். பொங்கலுக்குள் ஆண்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் முகத்தைத் தானே வழிப்பது ஆம்பளை வேலை, சரி. பிரஷ் என்பது என்ன? அது ஒரு சாமான். சாமானைக் கழுவுவது யார் வேலை? அவ்வளவுதான், பாத்திரத்தோடு பாத்திரமாக பிரஷ்ஷும் எங்களிடம் வந்துவிட்டது. விடிந்ததும் நாற்பத்தாறு பெண்கள் நாற்பத்தாறு தொட்டியடியில் குந்தி, புருஷன் தாடைக்கு நுரை போட்டு வழித்தோம், நகக்கண்ணில் முடி, தேங்காய் நாரில் முடி, தோசைக்கல்லில் முடி, துண்டு துண்டாக ஊசி முனை மாதிரி முடி. நாக்கில் ஒட்டிய ஒரு துண்டை எடுக்கக் காலை முழுவதும் துப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மா மட்டும், "முடிதானக்கா, அடிக்கறதுக்கு இது தேவலை" என்றாள்.

மாசியில் அத்தியப்பன் வண்டியேறினார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது, நானும் பிரஷ்ஷும்தான் வீட்டில். நான் வழிக்க ஒரு நாள் தாமதித்தால் எங்கிருந்தோ போன் வரும். "ஏன், இன்னைக்குப் பண்ணலையா? அரிக்குது." சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார். வழித்து முடித்ததும், "ம், ஆச்சு" என்பார், வைத்துவிடுவார். ஆவணியோடு போனும் நின்றது. முடி மட்டும் ஒரு நாள் தவறாமல் முளைத்தது.

ஐப்பசியில் ஒரு காலை, நுரையைப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், வலது கன்னம் இல்லை. சுடுகஞ்சி வட்டத்தோடு சேர்த்து அந்தப் பக்கமே மொட்டை, தாடையில் பாதி மொட்டை, மீசை இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக். இடது கன்னம் மட்டும் கறுகறுவென்று நின்றது.

மாமனாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைலான் மட்டமுங் கண்ணு. வேற நல்லதா நாலு வாங்கிப் போட்டு நுரை குடு. நீ எதைப் போடறியோ, கறுப்பா?"

"வெள்ளைங் மாமா."

"அதான் பாரு. வெள்ளை வேருக்கு எறங்காது."

வெள்ளை, கறுப்பு, வரி என்று மாற்றி மாற்றிப் போட்டேன், அத்தை சொன்னபடி விளக்கெண்ணெய் தேய்த்தேன், தெருவே வந்து ஆளுக்கொரு பிரஷ் கொடுத்துவிட்டுப் போனது. பாதி முகம் பாதி முகமாகவே இருந்தது. எல்லாரும் நைலானைத் திட்டினார்கள், ஒருத்தருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

சித்திரையில் எனக்கு ஒரு வேலை வந்தது. பெருந்துறையில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதியில் சமையல், தங்க இடம், எனக்கென்று கதவு போட்ட ஒரு அறை. அந்த அறையை நினைத்து நினைத்து மூன்று நாள் தூங்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள், சேராவிட்டால் வேறு ஆள் தயார். மாமனார் வீட்டில் போய்ச் சொன்னேன்.

"போலாங் கண்ணு," என்றார் மாமனார், "பிரஷ்ஷை ஆரு பாக்கறது?"

"எடுத்துட்டுப் போறனுங்."

"அதெப்படி? பிரஷ் ஊட்டை உட்டுப் போனா அவன் ஊட்டை உட்டுப் போனதா ஆயிரும். ஊருக்குச் சொன்னதே நாந்தான்."

"அப்ப நீங்க வெச்சுக்குங்."

அத்தை காதில் கை வைத்துக்கொண்டார். "பொண்டாட்டி இருக்கறப்ப மத்தவங்க கை படலாமா? அவனுக்கு ஆயுசு கொறையாதா? நீ என்ன, என்ற பையன் சாவட்டும்ன்னு பாக்கறயா?"

திரும்பி வந்தேன். தொட்டியடியில் அந்த இடது கன்னம் என்னைப் பார்த்து நின்றது. அன்றைக்கு அதன் மேல் வந்த அருவருப்பு மாதிரி எனக்கு எந்தப் பிணத்தின் மேலும் வந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், கையில் மூடி போட்ட டிபன் டப்பா.

"அத்தியப்பன் வூடு இதானாக்கா?"

"ஆமா. நீங்க?"

"மாதம்மாள். பாலக்கோடு. தக்காளி மண்டியில வேலை." டப்பாவை மற்றக் கைக்கு மாற்றினாள். "சொன்னா கோச்சிக்கக் கூடாது. உள்ள வந்து சொல்றேன்."

உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, டப்பாவைத் திறந்தாள். வரி போட்ட நைலான் பிரஷ், புதுசு. அதில் வலது கன்னம். நடுவில் எட்டணா அளவுக்கு வட்டம்.

நான் எழுந்துபோய் என்னுடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். பிறகு அவளே சொன்னாள். போன வருஷம் ஆவணியில் வண்டி அவள் ஊர்ப்பக்கம் நின்றதாம், பெண்டாட்டி செத்துப்போனாள் என்றாராம், கோயிலில் வைத்துத் தாலி கட்டினாராம். ஆயுத பூஜைக்கு இந்த பிரஷ்ஷை வாங்கி வந்து சந்தனம் வைத்து அவள் கையில் கொடுத்து, இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாராம். தை பிறந்ததும் கிளம்பியவர்தான், போனும் நின்றபின் அந்தப் பக்கம் வந்த ரிக் வண்டிக்காரர்களிடம் விசாரித்தபோதுதான் நான் உயிரோடு இருப்பதே தெரிந்ததாம்.

"செத்துப்போனேன்னா சொன்னாரு?"

"டைபாய்டுன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளிடம் எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவள் நகக்கண்ணைப் பார்த்தேன், என்னுடையது மாதிரியே கறுப்புக் கறுப்பாக முடித்துண்டு.

"எதுல நுரை போடறே?"

"வெள்ளையிலக்கா. கறுப்புல போட்டா அந்த வட்டத்தண்ட கீறுது, உடனே போன் பண்ணித் திட்டுவாரு. அதும் இப்ப நின்னுபோச்சு."

"எனக்கு இந்தப் பக்கம் முடி கீழ்நோக்கிப் படியும், எதிர்த்து வழிக்கோணும்."

"எனக்கு மேல்நோக்கி."

இரண்டையும் எடுத்து முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்தோம். கன்னம் இரண்டும் சரியாக இருந்தது, தாடை நடுவில் கோடு பிசகாமல் பொருந்தியது. மாதம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, மீசை உன்கிட்ட இக்குதா?"

"இல்ல. உன்கிட்ட?"

"இல்லக்கா."

டப்பாவைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். அத்தியப்பனின் மீசை, இரண்டு விரல் கனம், முறுக்கினால் முறுக்கின வாக்கில் நிற்கும் மீசை, என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. மூன்றாவது பிரஷ் ஒன்று ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தொட்டியடியில் நுரைக்குள் நின்றுகொண்டிருந்தது, ஒருத்தி அதைக் குந்தி உட்கார்ந்து வழித்துக்கொண்டிருந்தாள். மாதம்மாள் பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வாயைக் கழுவிவிட்டு வந்து, "நா இத்த உங்கிட்டயே குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா. நீதான மூத்தவ," என்றாள்.

"எனக்கும் வேண்டாம். எந்திரி."

மாமனார் வீட்டில் அவரும் அத்தையும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிரஷ்ஷையும் ஒட்டி, என் தலை ரப்பரைப் போட்டுக் கட்டி, மாமனார் மடியில் வைத்தேன். இவள் யார் என்றும் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் தெருவில் நின்ற செல்லம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

"பிரஷ் எங்க இருக்குதோ ஆம்பள அங்கதானுங் மாமா. உங்க பையன் ஊட்டுக்கு வந்துட்டாருங். மீசை மட்டும் வேற எங்கியோ இருக்குதுங்."

மாமனார் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தைதான் கிட்டே வந்து குனிந்தார், ஒரு விரலால் தொட்டார், விரலைச் சேலையில் துடைத்தார்.

"சீ. இதை எவ தெனமும் வழிச்சுட்டு இருப்பா?"

என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது, முகம் கோணிப்போய் உள்ளே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நடந்தோம், எல்லா வாசலிலும் பெண்கள் நின்றார்கள். மாதம்மாளைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் மறுநாள் ஈரோடு பஸ் ஏறினேன்.

விடுதியில் நூற்று எழுபது பெண்கள். பாதிப்பேர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், ரொட்டி வேண்டும் என்பார்கள். மாவு பிசைகிறபோது என் கையை நானே பார்த்துக்கொள்வேன், ஒரு முடி இருக்காது. பத்தாவது நாள் காலையில் போன் வந்தது.

"ஆரு ஷேவிங் பண்றது? ரெண்டு கன்னமும் வெட்டு வெட்டா எரியுது."

"உங்கப்பாருங்க."

"அவருக்குக் கை நடுங்குமே."

"ஆமாங்க, நடுங்கும்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீயே போய்ப் பண்ணு சாந்தாமணி. உன்ற கையாட்டம் வராது" என்றார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் இந்தியில் ஏதோ கேட்டாள், சலித்த குரல், பக்கத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"அந்தம்மாகிட்டப் போனைக் குடுங்க," என்றேன்.

வைத்துவிட்டார். ஆனால் கன்னம் எரிகிறவர் எத்தனை நாள் கூப்பிடாமல் இருப்பார், எப்படியும் கூப்பிடுவார், ஏதாவது ஒரு தடவை போனை அவளே எடுப்பாள். மீசையை அனுப்ப வேண்டிய என் மாமனார் வீட்டு விலாசத்தை இந்தியில் சொல்ல விடுதிப் பெண்களிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பேரும் தெருப் பேரும் வந்துவிட்டன, கதவு எண்தான் இன்னும் நாக்கில் சரியாகப் புரளவில்லை.